ஓட்டுக் கேட்பவர் ஒருவர், நகரத்தை நடத்துபவர் வேறொருவர்

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. பத்து வருடத்துக்குப் பிறகு சென்னை மாநகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியலில் ஏறக்குறைய 61 லட்சம் பேர் இருந்தார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு 43 பேர்தான். அதே நாளில் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 60 சதவீதத்தைத் தாண்டியது. முடிவு வருவதற்கு முன்பே புலம்பல் தொடங்கிவிட்டது: சென்னைக்காரர்களுக்குப் பொறுப்பில்லை, படித்தவர்கள் பூத்துக்கு வரமாட்டார்கள், லீவு கிடைத்தால் ஈ.சி.ஆரில் கார் ஏறிவிடுவார்கள்.

இந்தப் புலம்பலை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. காரணம், பத்து மாதத்துக்கு முன்னால் நடந்த 2021 சட்டமன்றத் தேர்தலில் இதே சென்னை 59 சதவீதம் ஓட்டுப் போட்டிருந்தது. கொரோனா இரண்டாம் அலை தலைதூக்கிய நேரத்தில், ஏப்ரல் வெயிலில், வரிசையில் நின்று போட்டார்கள். பொறுப்பில்லாதவர்கள் என்றால் அப்போதும் வந்திருக்க மாட்டார்களே? 2024 மக்களவைத் தேர்தலையும் பார்க்கலாம். தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54 சதவீதத்தை ஒட்டி நின்றது. தொழிற்சாலைப் புகையும் குப்பைமேடும் குறுகிய சந்துகளும் நிறைந்த வடசென்னையில் 60 சதவீதம் பதிவானது.

அரசாங்கத்தின் தேவை யாருக்கு அதிகமோ அவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். எந்தத் தேர்தலில் நிஜமாக ஏதோ முடிவாகிறது என்று மக்கள் நினைக்கிறார்களோ, அந்தத் தேர்தலுக்குக் கூடுதலாக வருகிறார்கள். மாநகராட்சித் தேர்தலில் பெரிதாக எதுவும் முடிவாவதில்லை என்று பாதிக்கு மேற்பட்ட சென்னை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் சங்கடம்.

தேர்தலே இல்லாமல் ஓடிய வருடங்கள்

சென்னை மாநகராட்சி பழம்பெருமை பேசுவதில் குறை வைக்காது. 1688-ல் தொடங்கியது, இந்தியாவிலேயே மூத்தது, 1913 முதல் ரிப்பன் மாளிகையில் இயங்குவது என்று எல்லா விழாக்களிலும் சொல்வார்கள். 1973-ல் மஸ்டர் ரோல் (தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் புகாரில் மாமன்றம் கலைக்கப்பட்டு, 1996 வரை 23 வருடம் தேர்தலே நடக்கவில்லை என்பதை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை. ஒரு தலைமுறையே தன் தெருவுக்குக் கவுன்சிலர் என்று ஒருவரைப் பார்க்காமல் வளர்ந்தது. அந்தக் காலத்தில் அரசு நியமித்த தனி அதிகாரிகள்தான் மாநகராட்சி.

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் இதைத் தடுக்கத்தான் கொண்டுவரப்பட்டது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் கட்டாயம், அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாக இருக்க வேண்டும் என்று அது சொன்னது. 1996, 2001, 2006, 2011 என்று நான்கு தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன. 2016 அக்டோபரில் நடக்க வேண்டியதற்கும் அறிவிப்பு வந்தது, வேட்புமனுக்கூட வாங்கினார்கள். பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, கொரோனா என்று காரணங்கள் வரிசையாக வந்தன. மறுபடியும் தனி அதிகாரி ஆட்சி, 2022 வரை. 1973 முதல் 2022 வரையிலான 49 வருடத்தில் ஏறக்குறைய 28 வருடம் சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை.

இந்த இடைவெளிகளில் நகரம் சும்மா இருக்கவில்லை. குடிசை மாற்று வாரியம் 1970-லேயே வந்துவிட்டது. நகரத் திட்டமிடல் சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் போனது. 1978-ல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியை விட்டுப் பிரிந்து மெட்ரோ வாட்டர் என்ற தனி வாரியமாகின. இவை எல்லாம் மாநில அரசின் கையில். 1996-ல் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் திரும்பி வந்தபோது, ஒரு நகரத்தை நகரமாக வைத்திருக்கும் முக்கால்வாசி வேலைகள் அதன் கையை விட்டுப் போயிருந்தன. தெருவிளக்கு, குப்பை, உள்தெரு ரோடு, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி, பூங்கா, சுடுகாடு, பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்து வரி என்று மிச்சம் இருந்தவைதான் மன்றத்துக்குக் கிடைத்தன.

மேயர் பதவியின் கதை இன்னும் சுவாரசியமானது. 1996-ல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் மு.க. ஸ்டாலின். அவர் காலத்தில் எழுந்த மேம்பாலங்கள் அவருக்கென்று ஒரு தனி முகத்தைக் கொடுத்தன. 2001-ல் தி.மு.க. மாநிலத்தில் தோற்றுப்போனது, ஸ்டாலின் சென்னையில் மறுபடி மேயரானார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தலைநகரில் லட்சக்கணக்கான நேரடி ஓட்டு வாங்கி உட்கார்ந்திருப்பதை எந்த முதலமைச்சரும் ரசிக்கமாட்டார். 2002-ல் ஒருவர் சட்டமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று சட்டம் வந்தது. எம்.எல்.ஏ.வாகவும் இருந்த ஸ்டாலினின் மேயர் நாற்காலி காலியானது.

அதற்குப் பிறகு நடந்ததை ஊஞ்சல் ஆட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 2006-ல் மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மக்கள். 2016-ல் கவுன்சிலர்கள் என்று சட்டம் மாறியது. 2018-ல் மக்கள் என்று திரும்பியது. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி கவுன்சிலர்களிடம் போனது. இரண்டு கழகங்களும் ஊஞ்சலைத் தள்ளியிருக்கின்றன. மேயருக்குச் சொந்த பலம் வந்துவிடக் கூடாது என்ற விஷயத்தில் கோட்டையில் யார் இருந்தாலும் ஒரே மனசுதான்.

2022 மார்ச்சில் ஆர். பிரியா மேயரானது உண்மையிலேயே பெரிய விஷயம். 28 வயது, பட்டியல் சமூகத்திலிருந்து வந்த சென்னையின் முதல் பெண் மேயர்; தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர். அந்தப் பெருமையைக் குறைக்காமலே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிர்வாக அதிகாரம் மேயரிடம் இல்லை, மாநகராட்சி ஆணையரிடம் இருக்கிறது. ஆணையர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மன்றத்தில் போடும் தீர்மானத்தை ஆணையர் நிறைவேற்றாவிட்டாலும் அவரை மாற்ற மேயரால் முடியாது.

ஒரு தெருவில் நிற்கும் தண்ணீர்

இதெல்லாம் சட்டப் புத்தகத்து விவகாரம் போலத் தோன்றலாம். வேளச்சேரியிலோ கொளத்தூரிலோ ஒரு உள்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது, நாற்றம் வேறு. குடியிருப்பவர் 1913-க்கு அடிக்கிறார், அது மாநகராட்சி. வந்து பார்க்கும் ஏ.இ. (உதவிப் பொறியாளர்), இது மழைத் தண்ணீர் இல்லை, மேன்ஹோல் பொங்குகிறது, 1916-க்குச் சொல்லுங்கள் என்கிறார். அது மெட்ரோ வாட்டர். அங்கிருந்து வருபவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டதால்தான் தண்ணீர் எங்கள் குழாய்க்குள் இறங்குகிறது, கார்ப்பரேஷன்தான் தூர்வார வேண்டும் என்கிறார். தூர்வாரினாலும் அந்த வடிகால் போய்ச் சேரும் கால்வாய் நீர்வளத் துறையுடையது. கால்வாய்க் கரையில் வீடுகள் இருந்தால் அது புறம்போக்கு, வருவாய்த் துறை. தெருவைத் தோண்டிப் போட்டது மின்வாரியம். தெரு முனையில் சேரும் ரோடு பஸ் போகும் ரோடாக இருந்தால் மாநகராட்சிக்குள்ளேயே வேறு துறை. அதைத் தாண்டி நெடுஞ்சாலைத் துறை.

இத்தனை பேரில் அந்தத் தெருக்காரர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர்கூட இல்லை. அவர் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் இவர்களுக்கு போன் போடலாம். அவ்வளவுதான். போன் எடுக்கப்படுமா என்பது அவர் எந்தக் கட்சி, கட்சியில் எந்த இடம், ஏரியா எம்.எல்.ஏ.வுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, '4,000 கோடி என்ன ஆச்சு?' என்ற கேள்வி ஊரெல்லாம் ஓடியது. மழைநீர் வடிகாலுக்குச் செலவழித்ததாகச் சொல்லப்பட்ட தொகை அது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் எத்தனை பேர் அதைத் தங்கள் கவுன்சிலரிடம் கேட்டார்கள்? கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. வடக்கே கொசஸ்தலையாறு வடிநிலத்து வடிகால் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கிறது. தெற்கே கோவளம் வடிநிலத்து வடிகால் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி நிதியில். எந்தத் தெரு முதலில், எந்த மட்டத்தில், யாருக்கு டெண்டர் என்பவை வார்டு அளவில் முடிவாகும் விஷயங்கள் இல்லை.

வடசென்னை வளர்ச்சித் திட்டமும் அப்படியே. 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயாக அறிவிக்கப்பட்டு, பிறகு பல மடங்கு பெருகி, 2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்பு தொடங்கிவைக்கப்பட்டது. தேவையான திட்டம், வடசென்னைக்கு யாராவது எப்போதாவது செய்ய வேண்டியதுதான். பொறுப்பு சி.எம்.டி.ஏ.விடம். 2013-ல் தொடங்கிய அம்மா உணவகம் மாநகராட்சியின் பணத்தில், மாநகராட்சியின் ஆட்களைக் கொண்டு நடந்தது. பெயரும் படமும் அன்றைய முதலமைச்சருடையது. நல்லது நடந்தால் புகழ் கோட்டைக்குப் போகும். சாக்கடை பொங்கினால் திட்டு கவுன்சிலருக்கு.

அப்படியானால் இத்தனை போட்டி எதற்கு?

அதிகாரம் இவ்வளவு குறைவென்றால் ஒரு வார்டுக்கு சீட் வாங்க இவ்வளவு அடிதடி ஏன்? சட்டத்தில் எழுதாத அதிகாரம் ஒன்று கவுன்சிலரிடம் இருக்கிறது. அதுதான் விலை உயர்ந்தது.

முதியோர் உதவித்தொகை நின்றுபோனால், குழாய் இணைப்பு இழுத்தடித்தால், பள்ளியில் சேர்க்க ஒரு கடிதம் வேண்டுமென்றால், வீட்டில் ஒரு சாவு விழுந்து சுடுகாட்டில் உடனே ஏற்பாடு ஆக வேண்டுமென்றால் குடிசைப் பகுதியில் இருப்பவர் போய் நிற்பது கவுன்சிலர் வீட்டு வாசலில். அல்லது ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் வீட்டில். அவர் கேட்டால் அலுவலகத்தில் கோப்பு நகர்கிறது. அதைச் செய்ய வேண்டிய அதிகாரி அதைச் செய்யக் கடமைப்பட்டவர்தான். ஆனாலும் நடுவில் ஒரு ஆள் தேவைப்படுகிறார். அந்த நடு ஆளாக இருப்பதுதான் கவுன்சிலரின் உண்மையான பதவி.

அடுக்குமாடி வீட்டுக்காரருக்கு இந்த நடு ஆள் தேவையில்லை. தண்ணீர் லாரியில் வருகிறது, கரண்ட் போனால் ஜெனரேட்டர், குப்பைக்கும் காவலுக்கும் அசோசியேஷன் சம்பளம் கொடுக்கிறது. பிரச்சினை பெரிதானால் ஆணையருக்கு நேரே மெயில் போடுவார், எக்ஸ் தளத்தில் படம் எடுத்துப் போடுவார், அதுவும் நடக்கவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு. கவுன்சிலர் பெயர் தெரியாமலே இருபது வருடம் ஓட்டிவிடலாம். இவர் சனிக்கிழமை பூத்துக்கு வரவில்லை என்று கோபப்படுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. வசதியுள்ளவர்கள் மாநகராட்சியிலிருந்து சத்தமில்லாமல் விலகிக்கொண்டார்கள். ஓட்டு விகிதம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

நடு ஆளாக ஆவதற்கு முதலீடு வேண்டும். 2022 தேர்தலில் சென்னையில் ஒரு கவுன்சிலர் வேட்பாளர் செலவு செய்ய அனுமதிக்கப்பட்ட தொகை 90,000 ரூபாய். ஒரு வார்டுக்குச் சராசரியாக 30,000 வாக்காளர்கள். ஆளுக்கு மூன்று ரூபாய். நோட்டீஸ் அடித்து, பூத் ஸ்லிப் கொடுத்து, கூட வரும் பையன்களுக்கு மூன்று வேளை சாப்பாடு போடுவதற்கே அந்தப் பணம் சில நாட்களில் காலியாகிவிடும் என்பது தேர்தல் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். கணக்குத் தாக்கல் செய்யும்போது எல்லோரும் வரம்புக்குள் வந்துவிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

பணப் பட்டுவாடா சென்னைக்குப் புதிதல்ல. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைப் பணப் புழக்கத்தைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது, பின்னால் பெரிய தொகையாக மாற்றிக்கொள்ளும் 20 ரூபாய் நோட்டு டோக்கன் என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது. வார்டு தேர்தலில் தொகை சிறியது, முறை அதேதான். முகத்துக்கு முகம் தெரிந்தவர்களிடையே நடப்பதால் கண்காணிப்பது இன்னும் கடினம். பக்கத்து வீட்டு அக்கா கவரைக் கொண்டுவந்து கொடுத்தால் பறக்கும் படையால் என்ன செய்ய முடியும்?

போட்ட பணம் திரும்ப வேண்டும். 2023-ல்தான் மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வந்தது. அதற்கு முன்பு கூட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு படிதான். வார்டு மேம்பாட்டு நிதி இருக்கிறது. 2023 மாநகராட்சி பட்ஜெட்டில் அது 35 லட்சத்திலிருந்து 40 லட்சமானது, அப்புறமும் ஏறியது. ஆனால் அது வேலைக்கான நிதி, கவுன்சிலர் கையில் தரும் காசு இல்லை. அதனால் தெருவில் மணல் லாரி வந்து நின்றால், போர் போடும் வண்டி வந்தால், கழிவுநீர் இணைப்புக்கு ரோடு வெட்டினால், சாயங்காலம் இரண்டு பேர் பைக்கில் வந்து 'அண்ணனைப் பார்த்தீங்களா?' என்று கேட்கிறார்கள். எல்லா வார்டிலும் இப்படி இல்லை. நேர்மையாக ஓடியாடி வேலை பார்க்கும் கவுன்சிலர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. இருந்தாலும் சென்னையில் வீடு கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கட்சித் தலைமைக்கும் இது தெரியாமல் இல்லை. 2022 ஜூலையில் நாமக்கல்லில் நடந்த உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மாநாட்டில், ஒழுங்கீனமும் முறைகேடும் நடந்தால் சர்வாதிகாரியாக மாறி நடவடிக்கை எடுப்பேன் என்று முதலமைச்சர் ஸ்டாலின் எச்சரித்தார். 2025 மார்ச்சில் சென்னையின் இரண்டு கவுன்சிலர்களைப் பதவிநீக்கம் செய்து மாநில அரசு உத்தரவிட்டது. தப்பு செய்தவர் மீது நடவடிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை ஒரு துறைச் செயலாளரின் உத்தரவு வீட்டுக்கு அனுப்ப முடிகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கவுன்சிலர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பது இதில் தெரிந்துவிடுகிறது.

பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்தபின் மன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள். கூடவே 'கவுன்சிலர் ஹஸ்பெண்ட்' என்ற ஒரு பதவியும் வந்திருக்கிறது. இது தானாகச் சரியாகும், சரியாகாது என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். முதல் முறை கணவரின் பின்னால் நின்று, இப்போது மண்டலக் கூட்டத்தில் ஏ.இ.யை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதால் நான் முதல் பக்கம்.

ஓட்டுள்ள இடத்திலிருந்து வெளியே

நடு ஆள் அரசியல் ஏழைகளைக் காப்பாற்றுகிறதா? தினசரித் தேவைகளில் ஓரளவு. பெரிய முடிவுகளில் கைவிட்டுவிடுகிறது. குடிசைப் பகுதிகளை அப்புறப்படுத்துவதில் அது அப்பட்டமாகத் தெரியும்.

2000 வாக்கில் தொடங்கி கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் 20, 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது வேகம் பிடித்தது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011 விரிவாக்கத்தில் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. பெரும்பாக்கம் வரவில்லை. எட்டு மாடிக் கட்டடங்களில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், சென்னையின் நடுவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள். ஆனால் நிர்வாகத்தில் அது செங்கல்பட்டு மாவட்டத்து கிராம ஊராட்சி. 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் அங்கே ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து, அவர்கள் பிறந்து வளர்ந்த ஊர் தனக்கு மேயரைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இறங்கியபோது, அவர்கள் அந்த ஊரின் வாக்காளர்களே இல்லை.

வீட்டு வேலைக்கும் மீன் விற்பதற்கும் தினமும் பஸ் ஏறி நகரத்துக்குத்தான் வருகிறார்கள். லிஃப்ட் நின்றால், குடிநீர் வரவில்லையென்றால் குடிசை மாற்று வாரியம்தான் பொறுப்பு. ஒரு கிராம ஊராட்சிக்கு எட்டு மாடி லிஃப்டைப் பராமரிக்கும் வலு ஏது? பழைய முகவரியிலேயே ஓட்டை வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பழைய வட்டச் செயலாளருடன் இருந்த உறவைக் காப்பாற்றிக்கொள்ள அதுதான் வழி. உள்ளாட்சிக்கான பட்டியல் சட்டமன்ற வாக்காளர் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய தீவிரத் திருத்தம் போன்ற ஒரு சரிபார்ப்பில், வீடு வீடாக வந்து பார்க்கும்போது பழைய வீடே இடிந்து கிடந்தால் அந்தப் பெயர் எப்படி நிற்கும்? விதிப்படி நீக்குவது சரிதான். அந்த வீட்டை இடித்ததும் அரசுதான் என்பதை விதி பார்ப்பதில்லை.

2022 மே மாதம், மன்றம் பதவியேற்று இரண்டு மாதத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை வீடுகள் இடிக்கப்பட்டன. உச்ச நீதிமன்ற உத்தரவு, நீர்வளத் துறையின் நிலம், வாரியத்தின் மாற்று வீடு. இடிப்பை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன்பிறகு முதலமைச்சர் சட்டமன்றத்தில், மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்றார். பிப்ரவரியில் அந்தத் தெருக்களில் கும்பிட்டு ஓட்டுக் கேட்ட எந்தக் கட்சி வேட்பாளரிடமும் இந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லை.

துப்புரவுத் தொழிலாளர்களின் கதை இன்னும் நேரடியானது, ஏனென்றால் குப்பை சந்தேகமில்லாமல் மாநகராட்சியின் வேலை. பெரும்பாலான மண்டலங்களில் அது ஏற்கெனவே தனியாரிடம் போய்விட்டது. 2025-ல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் ஒப்படைக்க முடிவானபோது, ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பட்டியல் சமூகத்துப் பெண்கள். கொரோனா காலத்தில் இதே நகரம் அவர்களுக்கு மாலை போட்டுக் காலில் விழுந்து படம் எடுத்துக்கொண்டது. பணிநிரந்தரம் என்று தேர்தலில் சொன்னீர்களே என்று அவர்கள் கேட்டார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. திரு.வி.க. நகர் மண்டலம் மேயரின் சொந்த வார்டு இருக்கும் மண்டலம். தன் மண்டலத்துத் தொழிலாளியின் வேலை போவதைத் தடுக்க மேயர் பதவி போதவில்லையா, மனம் போதவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே இருக்கலாம்.

வரியின் பஞ்சாங்கம்

தேர்தல் எதையும் மாற்றுவதில்லை என்று நினைப்பவர்கள் சொத்து வரியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். சென்னையில் 1998-க்குப் பிறகு பொதுச் சீராய்வே செய்யவில்லை. 2018-ல், மன்றம் இல்லாத காலத்தில், மாநில அரசு வரியை ஏற்றியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வரும் என்ற நிலையில், அதை நிறுத்திவைத்தது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த தவணைகளில் கழித்துக்கொள்வோம் என்றது. 2022 பிப்ரவரியில் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் புதிய உயர்வு வந்துவிட்டது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குக் கீழான வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். 2024-ல் வருடத்துக்கு 6 சதவீத உயர்வும் சேர்ந்தது.

உயர்வுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 15-வது நிதிக்குழு, சொத்து வரியைச் சீர்படுத்தாத நகரங்களுக்கு மானியம் கிடையாது என்று நிபந்தனை போட்டிருந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக அதே வரியில் எந்த மாநகராட்சியும் ஓடமுடியாது. கவனிக்க வேண்டியது யார் எதைச் செய்தார்கள் என்பதை. உயர்த்த முடிவு செய்தது மாநில அரசு. அதற்குத் தீர்மானம் போட்டது புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். பிரச்சாரத்தில் இதைப் பற்றி எந்த வார்டிலும் யாரும் வாய் திறந்ததாக நினைவில்லை. பிரச்சாரத்தில் பேசியது பெண்களுக்கான உரிமைத்தொகை, நீட், மாநில உரிமை. உள்ளாட்சித் தேர்தல் சின்ன சட்டமன்றத் தேர்தலாக நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

2022-ல் ஒரு நல்ல விதி வந்தது: ஒவ்வொரு வார்டையும் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபை நடத்துவது, அந்தப் பகுதிகளின் பிரதிநிதிகளைச் சேர்த்து வார்டு கமிட்டி அமைப்பது. 74-வது திருத்தம் வார்டு கமிட்டியைச் சொல்லி முப்பது வருடம் ஆன பிறகு. 2022 நவம்பர் 1-ம் தேதி முதலமைச்சரே பம்மலில் ஒரு பகுதி சபையில் போய் உட்கார்ந்தார். அந்தப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அதனால் பல இடங்களில் கட்சிக்காரர் பட்டியலாகவே அது அமைந்தது. சபைக்கென்று தனி நிதியும் இல்லை. இருந்தாலும் தெருவாசி ஒருவர் ஏ.இ.யையும் மெட்ரோ வாட்டர்காரரையும் ஒரே அறையில் பார்க்கக் கிடைத்த முதல் சட்டபூர்வமான இடம் அது. போய் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு.

இப்போதைய மன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது. அரசியல் சட்டப்படி அடுத்த தேர்தல் 2027 மார்ச் தொடக்கத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். அதே 2027 பிப்ரவரியில்தான் நாடு முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நடக்கவிருக்கிறது. வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளரும் பூத்தில் உட்காரும் அலுவலரும் பெரும்பாலும் அதே அரசுப் பள்ளி ஆசிரியர்கள். புதிய மக்கள்தொகை வரட்டும், வார்டுகளைப் புதிதாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு குரல் எழுந்தால், அதைச் சொல்பவர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்ப்பதற்கு முன்னால், தனி அதிகாரி ஆட்சி 2016-ல் எத்தனை மாதத்துக்கு என்று சொல்லித் தொடங்கி எப்போது முடிந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.